திருமலையிலிருந்து மகரகம: பிள்ளைக்கு இன்னொரு ஸ்கான் வேணுமா?

புற்றுநோய்ப் பிள்ளைக்குத் திருமலையில் முதல் எடுத்த சீ.ரீ. ஸ்கானை மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் திரும்ப எடுக்கச் சொன்னால், பல நேரம் காரணம் நோயில்லை, சீடி. பிலிமை மட்டும் கொண்டுபோனால் கட்டியைச் சரியாய் அளக்க ஏலாது. போனில் பிடித்த பிலிம் படம் ஒன்றுக்கும் உதவாது. நுரையீரலில் 3 மில்லிமீற்றர் முடிச்சு இருந்தால் 5 மில்லிமீற்றர் தடிப்பான வெட்டுப் படத்தில் மங்கிப்போகும். ஸ்கான் கவுண்டரை விட்டு வெளிக்கிட முதல் சீடி திறபடுதா, 1 மில்லிமீற்றர் மெல்லிய வெட்டுகளும் அதில் இருக்கா என்று கேளுங்கோ. பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. உறையில்லாத சீடி பிலிமோடு உரசிக் கீறல் விழும்.

*

அதே சீடியில் டோஸ், அதாவது பட்ட கதிரின் அளவைச் சொல்லும் பக்கம் ஒன்றும் இருக்கும். டீ.எல்.பி. (முழு ஸ்கானுக்கும் மெசின் கொடுத்த கதிரின் கணக்கு) என்ற எண்ணைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதுவியுங்கோ. 5 வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்கு அது 60 என்றால், 0.018 ஆல் பெருக்க ஏறக்குறைய 1.1 மில்லிசீவர்ட், உடம்புக்குப் பட்ட கதிரை அளக்கும் அலகு. சும்மா இருந்தாலே இயற்கையிலிருந்து வருஷத்துக்கு உலகச் சராசரி 2.4 வருது. ஆனால் இந்தக் கணக்கு 16 சென்ரிமீற்றர் பான்ரத்துக்குத்தான் (உடம்புக்குப் பதிலாய் வைத்து மெசினின் டோஸை அளக்கும் பிளாஸ்ரிக் உருளை). 32 என்று போட்டிருந்தால் உண்மை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. “அங்கே கூடுதலாய்க் கதிர் அடிச்சிட்டாங்கள்” என்று சண்டைக்குப் போக முதல் அதைப் பாருங்கோ.

ஆபத்து பூச்சியமில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் ஆய்வு 2023இல் வந்தது. அதன் கணக்கில், ஒரு சீ.ரீ. எடுக்கும் 10,000 பிள்ளைகளில் 1 அல்லது 2 பேருக்கு அடுத்த 12 வருஷத்துக்குள் அதனால் இரத்தப் புற்றுநோய் வரலாம்.

*

மேலே சொன்னது சரி, ஆனால் மற்றத் தட்டையும் பார்க்க வேணும். ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணக்கட்டிப் புற்றுநோயில் இரண்டு சைக்கிள் கீமோவுக்குப் பிறகு எடுக்கும் பெற் ஸ்கான் (கதிருள்ள ஊசி மருந்து போட்டு எடுக்கும் படம்) நல்லாய் வந்தால், சில சிகிச்சைத் திட்டங்களில் 20 கிரே (உடம்பு உறிஞ்சும் கதிரின் அலகு) அளவான கதிர்ச் சிகிச்சையையே விடலாம். நெஞ்சுக்கு 20,000 மில்லிகிரே! அந்த ஸ்கானைப் பயத்தில் தள்ளிப்போடுவது கடுகைப் பிடித்துப் பூசணிக்காயை விடுற வேலை. சிகிச்சை முடிந்து நோய்க்குறி ஒன்றுமில்லாத பிள்ளைக்கு “எதுக்கும் ஒருக்கா” என்று எடுப்பது வேறு கதை. “இதின்ர முடிவு மருந்தை மாத்துமா, டொக்டர்?” என்று கேட்கக் கூச்சப்படாதையுங்கோ.

இரவு பஸ்ஸில் பெற் ஸ்கானுக்குப் போறவர்களுக்கு: ஊசி மருந்தின் கதிர் 110 நிமிஷத்துக்கு ஒருக்காப் பாதியாகும், பிந்தினால் காத்திருக்காது. சொன்ன பட்டினி நேரத்தில் தண்ணி மட்டும். ஊசி மருந்து சர்க்கரை மாதிரி என்பதால் அழுகைக்கு ஒரு ரொபி கொடுத்தாலும் ஸ்கான் கெட்டுது. ஏ.சி. குளிரில் விறைத்த பிள்ளைக்குக் கழுத்துக் கொழுப்பு படத்தில் மினுங்கும், நிணக்கட்டி தேடுறதும் அதே இடத்தில்தான். போர்வையும் சொக்ஸும் கட்டாயம்.

*

இனி சீ.ரீ. மெசின் பக்கம். நெஞ்சு, வயிறு என்றால் கை தலைக்கு மேல். பிள்ளை வளையத்தின் நடுவில் இல்லாமல் கதிர் வரும் குழாய்க்குக் கிட்டப் போனால் முன்னோட்டப் படத்தில் பெருத்துத் தெரியும், மெசின் தானாகவே மின்னோட்டத்தைக் கூட்டும். கொன்ட்ராஸ்டுக்கு (படம் தெளிய ஏற்றும் அயடீன் மருந்து) முன்னொன்று பின்னொன்று என்று எடுத்தால் டோஸ் இரட்டிப்பு. வயிற்றுக் கட்டிக்குப் பெரும்பாலும் பின்னெடுப்பது ஒன்றே காணும். மெசினின் மின்னழுத்தம் 120 கிலோவோல்ட்டைவிட 80, 100இல் அயடீன் நல்லாய்ப் பளிச்சிடும்.

எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர் இல்லை. ஆனால் அரை மணிக்கு மேல் அசையாமல் கிடக்க வேணும், சின்னனுக்கு மயக்க மருந்து தேவைப்படும்.

மருந்தேற்றும் ஊசிக்குழாயான கனுலாவை வோர்டிலேயே முன்கூட்டிப் போடச் சொல்லுங்கோ, மிஸ்மார் செய்து தருவினம். மேசையில் வைத்துக் குத்தினால் அழுகை, அசைவு, திரும்ப எடுப்பு.