டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தீர்ப்பு: 2011-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களும் எழுதியாக வேண்டுமா?

கேள்வி:
ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 2009-ல் நியமனமான இடைநிலை ஆசிரியர்கள் (1 முதல் 5 வகுப்பு எடுப்பவர்கள்) சிலர் இன்னும் டெட் எழுதவில்லை. 29.7.2011-க்கு முன் வந்தவர்களுக்குத் தேவையில்லை என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே, அது இப்போதும் செல்லுமா? இப்போது வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மறுபடி பரிசீலிக்கக் கேட்டு அரசு சீராய்வு மனு போட்டிருப்பதால் பொறுத்திருக்கலாமா? எந்தத் தாள் எழுத வேண்டும்?

பதில் 1:
செல்லாது சார். பணியில் தொடரலாம், பதவி உயர்வுக்குத்தான் டெட் வேண்டும் என்பது உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருந்தால் 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். இல்லையென்றால் ஓய்வுகாலப் பலன்களோடு வெளியேற வேண்டியதுதான். 5 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் டெட் இல்லாமலே ஓய்வு வரை பணியாற்றலாம். ஆனால் பதவி உயர்வு கிடையாது.

5 ஆண்டு கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தீர்ப்பு நாளிலிருந்து எண்ணுங்கள். நமக்கு 60 வயது முடியும் மாதத்தின் கடைசி நாள் ஓய்வு; 1-ஆம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதக் கடைசி. 1970 ஜூலையில் பிறந்தவர் தப்பித்தார். அக்டோபரில் பிறந்தவர் எழுதியே ஆக வேண்டும். ஆகஸ்டில் பிறந்தவர் சரியாக எல்லையில் நிற்கிறார். பிறந்த தேதியைப் பணிப்பதிவேட்டில் சரிபார்த்து, வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகத் தெளிவுரை கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பதில் 2:
சீராய்வு மனு தாக்கலானதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடையாணை தனியாக வர வேண்டும். மனுவை நம்பிப் படிக்காமல் இருப்பது ஆபத்து, தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். பணியில் இருப்பவர்களுக்கென்றே சிறப்புத் தகுதித் தேர்வு நடத்த அரசு ஆணையும் போட்டிருக்கிறது. தேர்ச்சிச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால் மனு வென்றாலும் படித்தது வீண் போகாது.

பதில் 3:
இடைநிலை ஆசிரியர் பணியில் தொடரத் தாள் 1 போதும். பட்டதாரி ஆசிரியராக (6 முதல் 10 வகுப்பு) பதவி உயர்வு வேண்டுமென்றால் தாள் 2. இரண்டிலும் 150 வினா, 150 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. ஒரு வினாவையும் விடை குறிக்காமல் விடாதீர்கள்.

தாள் 2-ல் கணக்கும் அறிவியலும் சேர்ந்து 60. கணக்கு ஆசிரியர் அறிவியலை ஒதுக்கினால் அங்கேயே பெரிய அடி. தமிழ், ஆங்கில ஆசிரியர்கள் இந்தப் பகுதியையோ சமூக அறிவியலையோ தேர்ந்தெடுக்கலாம். மீதி 90-ல் உளவியல், தமிழ், ஆங்கிலம் தலா 30. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90. மற்ற பிரிவுகளுக்கான தளர்வை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். பகுதிவாரிக் குறைந்தபட்சம் இல்லை, மொத்தம்தான் கணக்கு. பாடத்தில் கெட்டியானவர்களும் உளவியலில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பதில் 1:
இன்னொன்று. தீர்ப்பு 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. 11, 12 மட்டும் எடுக்கும் முதுகலை ஆசிரியர்கள் இதில் வரமாட்டார்கள். சிறுபான்மைப் பள்ளிகளின் விஷயம் அதிக எண்ணிக்கையில் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அது முடியும்வரை அவர்களுக்கு இந்த 2 ஆண்டுக் கெடு பொருந்தாது. தேர்ச்சி பெற்றவர்கள் சான்றை வீட்டில் வைத்திருக்காமல் உடனே பணிப்பதிவேட்டில் பதியவையுங்கள். பதிவு இல்லையென்றால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபடும்.