இரைப்பை பைபாஸ் செய்த கர்ப்பிணிக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி – கிராம சுகாதார செவிலியர், குறிஞ்சிப்பாடி பக்கம்
எடை குறைக்க இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, உணவை நேராகச் சிறுகுடலுக்குத் திருப்பும் அறுவை) செய்து 20 மாதம் கழித்துக் கருத்தரித்த பெண். இப்போது 22 வாரம். 24-ல் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்க்கணும். கொடுக்கலாமா? இரும்பு மாத்திரை, கால்சியம் இரண்டையும் காலையில் டீயோடு சேர்த்தே விழுங்குகிறார். ஹீமோகுளோபின் 9.4.

பதில் – மகப்பேறு மருத்துவர், புதுச்சேரி
வேண்டாம் சிஸ்டர். பைபாஸுக்குப் பிறகு அத்தனை சர்க்கரையும் நேராகச் சிறுகுடலில் இறங்கும். அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கமும் வரும். வரும் அளவையும் நம்ப முடியாது. அதற்குப் பதில் 24–28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதச் சொல்லுங்கள்: வெறும் வயிற்றில் ஒருமுறை, ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு 1 மணி நேரம் கழித்து ஒருமுறை. முன்னது 95-க்கும் பின்னது 140-க்கும் கீழே இருக்கணும். ரத்தசோகை இருப்பதால் மூன்று மாத சர்க்கரை சராசரி டெஸ்டை (HbA1c) மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பதில் – உணவு ஆலோசகர், கடலூர் முதுநகர்
9.4-க்குப் பாதிக் காரணம் அந்த டீயிலேயே இருக்கலாம். டீயும் இரும்பைத் தடுக்கும், கால்சியமும் தடுக்கும். இரண்டு மாத்திரைக்கும் நடுவே 2 மணி நேரமாவது விடணும். நாம் தரும் கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேணும். இவருக்கு அது குறைவு. கால்சியம் சிட்ரேட் எழுதித்தரச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் (உடலில் இரும்பு இருப்பு), வைட்டமின் பி12 பார்க்கணும். மாத்திரை ஏறவில்லை என்றால் இரும்பை ட்ரிப்பில் ஏற்றுவதுதான் வழி.

புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. தட்டில் முதலில் மத்தி, முட்டை, பருப்பு, கடைசியில்தான் சோறு. முதலில் சோறு போனால் வேறெதற்கும் இடமிருக்காது. தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், அரை மணி நேரம் தள்ளி மடக்கு மடக்காக. சுறா வேண்டாம், பாதரசம் அதிகம்.

கேள்வி கேட்டவர்
ரத்தம் ஊறட்டும் என்று வாரம் இருமுறை ஆட்டீரல் கொடுக்கிறார்களே?

பதில் – மகப்பேறு மருத்துவர்
நிறுத்தச் சொல்லுங்கள். ஈரலில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ மிக அதிகம், கருவுக்கு ஆகாது. அவர் போடும் மல்டிவைட்டமின் அட்டையிலும் ரெட்டினால் இருக்கிறதா பாருங்கள். பீட்டா கரோட்டின் என்றால் சரி.

இன்னொன்று, இதைக் கையேட்டில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். வயிற்றுவலி வந்தால் வாயு, சூட்டுவலி என்று விடக் கூடாது. உள்ளே குடல் சிக்கியிருக்கலாம். அன்றைக்கே அறுவை மருத்துவர் பார்க்கணும். வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால், குளுக்கோஸ் ட்ரிப்புக்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போகணும். வரிசை மாறினால் மூளை பாதிக்கும்.