உலர்பனி இல்லாமல் முகில் அறை: பெல்டியர் வைத்துச் செய்வது எப்படி?

உப்புவெளிப் பௌதிகம்:
வணக்கம். உயர்தர மாணவரின் கண்காட்சியில் அடிப்படைத் துணிக்கைகள் பகுதிக்கு ஒரு முகில் அறை (கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் போன வழியை அற்ககோல் ஆவியில் முகில்கோடாகக் காட்டும் பெட்டி) வைக்க வேண்டும். திருகோணமலையில் உலர்பனிக்கு (உறைந்த காபனீரொட்சைட்டு) வழியில்லை. கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி ஆவியாகிவிடும். இரண்டு 12706 ரகப் பெல்டியர்களை (மின் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடேறும் தகடுகள்) அடுக்கி மாணவர் செய்த பெட்டியில் தட்டு முழுக்க வெண்பனிதான் படிகிறது, தடம் ஒன்றும் இல்லை. புல்மோட்டைக் கனிய மணலைக் கதிர்முதலாக (கதிர்வீச்சுத் தரும் பொருளாக) வைக்கலாமா? புரோத்தன், நியூத்திரனுக்குள் இருக்கும் குவார்க்கைப் பார்க்கலாமா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

வெப்பமின்:
வெண்பனி என்றால் எங்கிருந்தோ நீர் வருகிறது. பாமசியில் வாங்கிய 70% ஐசோபுரோப்பைல் அற்ககோலா? அது சரிவராது, 99% வேண்டும். மற்றது கடற்காற்றின் ஈரம். பெட்டியை முதலில் மூடி, விளிம்பைப் பிளாஸ்டிசினால் அடைத்த பிறகே மின்னைக் கொடுங்கள். மூடுமுன் கறுப்புத் தட்டில் 1–2 மில்லிலீற்றர் அற்ககோலைப் பரப்பிவிட்டால் மிஞ்சிய ஈரம் உறையாமல் அதில் கரையும். மேலே ஒட்டிய ஃபெல்ட் துணிக்கு 10 மில்லிலீற்றர் போதும்.

தட்டு −26 பாகைக்குக் கீழே போக வேண்டும். இரண்டு பெல்டியருக்கும் எத்தனை வோல்ட் கொடுக்கிறீர்கள்?

உப்புவெளிப் பௌதிகம்:
இரண்டுக்கும் 12 வோல்ட். அற்ககோல் 70% தான்.

வெப்பமின்:
வோல்ட்டும் பிழை. மேலுள்ளது 12 வோல்ட்டில் ஓடினால் அது தள்ளும் வெப்பத்தைக் கீழுள்ளதால் இறைக்க முடியாது. தட்டு குளிர்வதற்குப் பதில் சூடேறும். மேலதற்கு 5, கீழதற்கு 12. பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளையில் சிவப்பு வயர் 5, மஞ்சள் 12, கறுப்பு பூச்சியம்; பச்சையைக் கறுப்போடு இணைத்தால் இயங்கும்.

கீழ்ப்பக்கம் விசிறி வேண்டாம். நம் ஊர் 32 பாகைக் காற்றால் அதைக் குளிர்விக்க ஏலாது. அலுமினிய வோட்டர் புளொக், மீன்தொட்டிப் பம்ப், ஒரு ரிஜிபோம் பெட்டி நிறைய ஐஸ்தண்ணீர். மீன்வாடிக்கு வரும் ஐஸ்கட்டியே போதும், மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உருகும். உப்புப் போடாதீர்கள், அலுமினியம் அரிக்கும். இரண்டு பெல்டியருக்கும் நடுவிலும் தேர்மல் பேஸ்ட் மெல்லியதாகப் பூச வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

10–15 நிமிடத்தில் தட்டுக்கு மேலே மழைத்தூறல் போலப் படலம் தெரியும், தடங்கள் அதில்தான் விழும். எல்.ஈ.டி டோர்ச்சைப் பக்கவாட்டில், தட்டோடு ஒட்டிய உயரத்தில் அடியுங்கள். மேலிருந்து அடித்தால் தட்டுத்தான் மினுங்கும். அற்ககோல் ஆவி தீப்பற்றும், கிட்டவே நெருப்பு ஆகாது.

குறைகுவார்க்கு:
மணல் வேண்டாம் சேர். புல்மோட்டையில் பெரும்பங்கு இல்மனைற்று. கதிர்வீசும் தோரியம் உள்ள மொனசைற்று கொஞ்சம்தான். அதிலும் தோரியம் உமிழும் அல்பாத் துணிக்கைகளின் பெரும்பகுதி மணிக்குள்ளேயே நின்றுவிடும். டிக் வெல்டிங்கில் பாவிக்கும் சிவப்பு முனைத் தங்குதன் கம்பியில் 2% தோரியம் இருக்கிறது. பெட்டியில் துளையிட்டு, தட்டுக்கு 5 மில்லிமீற்றர் மேலே முனை நிற்கும்படி செருகி அடையுங்கள். அல்பா கண்ணாடியைத் தாண்டாது, ஆகவே முனை உள்ளே இருந்தாக வேண்டும். கம்பியை அரவவோ வெட்டவோ கூடாது. தூசு நுரையீரலுக்குப் போனால் கெடுதி. தொட்ட கையைக் கழுவ வேண்டும்.

கம்பியிலிருந்து கிளம்பும் தடித்த, குட்டையான, நேரான தடம் அல்பா. மெல்லியதாக வளைந்து நெளிந்து போவது இலத்திரன். மெல்லியதாக நேரே ஓடுவது பெரும்பாலும் மியூவோன் (விண்கதிரால் வளிமண்டலத்தில் பிறக்கும், இலத்திரனைப் போன்ற ஆனால் பாரமான துணிக்கை). கடல்மட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவோன் விழுகிறது. பெல்டியர் அளவான உங்கள் 4×4 சென்ரிமீற்றர் தட்டில் அது 16. ஆனால் 16 நீண்ட கோடு வராது: அநேகமானவை மேலிருந்து செங்குத்தாக இறங்குவதால், ஒரு சென்ரிமீற்றர் ஆழமுள்ள படலத்தில் சிறு கீற்றாகத்தான் படும்.

குவார்க்கு தனியே வராது, எந்தப் பெட்டியிலும் தடம் விடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: அல்பாவில் இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும், அதாவது ஆறு மேல் குவார்க்கும் ஆறு கீழ்க் குவார்க்கும். புரோத்தனின் திணிவு 938 மெகா இலத்திரன்வோல்ட் (துணிக்கைகளின் திணிவைச் சக்தியாகச் சொல்லும் அலகு). அதன் மூன்று குவார்க்குகளின் திணிவைக் கூட்டினால் 9 அளவுதான். மீதி, குளூவோன்கள் என்ற துணிக்கைகள் அவற்றைப் பிணைத்துவைக்கும் புலத்தினதும் குவார்க்குகளின் அசைவினதும் சக்தி. எனக்கு இந்தப் பகுதியிலேயே மிகப் பிடித்த எண் இதுதான், பதாகையில் பெரிதாக எழுதலாம்.

மியூவோனைப் பிளக்க முடியாத துணிக்கை என்றே எழுதுங்கள், ஆனால் "அணுவின் பகுதி" என்று எழுதிவிடாதீர்கள். சாதாரண சடப்பொருளுக்கு மேல் குவார்க்கு, கீழ்க் குவார்க்கு, இலத்திரன் மூன்றும் போதும். மியூவோன் 2.2 மைக்குரோ செக்கனில் தேய்வது. வளிமண்டலத்தில் 15 கிலோமீற்றர் உயரத்தில் பிறந்தும் தரைக்கு வந்து சேர்வது சார்புக் கொள்கையின் நேரநீட்சியால் (மிக வேகமாக ஓடுவதன் நேரம் நமக்கு மெதுவாகச் செல்வது). பௌதிகவியலாளர்கள் அன்டர்சனும் நெடர்மையரும் 1936இல் அதைக் கண்டதும் முகில் அறையில்தான்.