அப்பத்தா வீடு (குழு): வெள்ளிக்கிழமை மாலை

சின்ன அத்தை, 6:12
இயேசுவுக்குப் புகழ். யாரும் பதறாமல் படியுங்கள். அம்மாவின் மாதா சுரூபம் கண்ணீர் விடுகிறது. காலையிலிருந்து மூன்று முறை துடைத்துவிட்டேன். இடது கண்ணுக்குக் கீழே மறுபடியும் மறுபடியும் வருகிறது.

சின்ன அத்தை, 6:13
[புகைப்படம்]

அக்கா, 6:15
அத்தை, படம் ஆடியிருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை.

பெரிய அத்தை, 6:16
எந்தச் சுரூபம்? சுண்டுவிரல் உடைந்ததா?

சின்ன அத்தை, 6:16
அதேதான் அக்கா. நம் வீட்டில் வேறு எது இருக்கிறது?

பெரிய அத்தை, 6:17
நம் வீட்டில் இல்லை. உன் வீட்டில்.

அக்கா, 6:19
ஞாயிறு அப்பத்தாவின் ஆண்டு நினைவுப் பூசைக்கு வேன் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து எத்தனை பேர் ஏறுகிறீர்கள்?

மாமா, 6:24
வணக்கம். உள்ளே பதினோரு பேர் ஜெபமாலை சொல்கிறார்கள். நான் வாசலில் நிற்கிறேன். பனி.

அண்ணன், 6:25
மாமா, அறையில் ஹீட்டர் ஓடுகிறதா?

மாமா, 6:25
இல்லை. ஆவி பிடித்தேன். சளி.

அண்ணன், 6:26
எங்கே உட்கார்ந்து?

மாமா, 6:27
மாதா அலமாரிக்குப் பக்கத்தில். அங்கேதான் பிளக் இருக்கிறது. தைல இலை போட்டேன்.

அண்ணன், 6:27
முடிந்தது கதை. குளிர்ந்த பிளாஸ்டர் மாவுச் சுரூபம், சூடான ஆவி. இடது கண் பக்கம் வண்ணம் வேறு பெயர்ந்திருக்கிறது.

சின்ன அத்தை, 6:29
கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் தெரிந்துவிட்டது இவனுக்கு.

பெரியப்பா, 6:41
தங்கச்சி, முதலில் அந்தப் படத்தை அன்பியக் குழுவில் போடாதே. திருச்சபை வெளிப்பாடு என்று சொல்வது வேறு, இது வேறு. கடவுள் தம்மைத் தாமே மனிதருக்குத் தெரியப்படுத்தியதுதான் வெளிப்பாடு. அது ஆபிரகாம், மோசே, இறைவாக்கினர் என்று படிப்படியாக வந்து கிறிஸ்துவில் நிறைவு பெற்றுவிட்டது. அவர் மீண்டும் வரும்வரை புதிதாக எதுவும் சேராது. ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாட்டு ஏட்டில் இது இருக்கிறது. காட்சி, கண்ணீர் எல்லாம் தனி வெளிப்பாடு என்ற கணக்கில் வரும். திருச்சபையே ஏற்றுக்கொண்ட காட்சியானாலும் நம்பித்தான் தீர வேண்டும் என்று எந்தக் கத்தோலிக்கருக்கும் கட்டாயம் இல்லை.

பெரிய அத்தை, 6:44
அப்படியானால் நம் கொடைக்கானல் சலேத் மாதா கோயிலைப் பூட்டிவிடலாமா அண்ணா? சலேத்தில் மாதா அழுதுகொண்டுதானே காட்சி கொடுத்தார்கள்?

அக்கா, 6:44
சரியான கேள்வி.

பெரியப்பா, 6:55
அந்தக் கதையை முழுதாகப் பார். 1846 செப்டம்பர் 19, பிரான்சில் ஒரு மலை. மாடு மேய்த்த மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகள், முகத்தைக் கைகளில் புதைத்து அழுத பெண்மணியைப் பார்த்தார்கள். கிரெனோபிள் ஆயர் அன்றைக்கே மணியடிக்கச் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் விசாரித்து 1851-இல்தான் ஏற்றார். அதற்கும் பிறகு 1866-இல் நம் மலையில் கோயில் எழுந்தது. உங்கள் வீட்டில் காலையில் ஈரம், மாலையில் ஜெபமாலை.

அண்ணன், 6:56
நான் பெரியப்பா கட்சி.

பெரியப்பா, 6:57
சேராதே. உன் கணக்கும் பாக்கி இருக்கிறது. கல்லறைத் திருநாள் அன்று என்ன சொன்னாய்? கடவுளை அறிவால் அறிய முடியாது, எல்லாம் அவரவர் நம்பிக்கை என்றாய். அது திருச்சபையின் போதனை இல்லை. படைப்புகளிலிருந்து, மனித அறிவின் இயல்பான ஒளியாலேயே, கடவுளை உறுதியாக அறிய முடியும் என்று முதல் வத்திக்கான் சங்கம் 1870 ஏப்ரல் 24-இல் அறுதியிட்டுச் சொல்லியிருக்கிறது. அவர் மூவொரு கடவுள், மனிதரானார் என்பதெல்லாம் அறிவு தானாக எட்டாத இடம். அதற்குத்தான் வெளிப்பாடு வேண்டும்.

அக்கா, 6:59
மட்டனா கோழியா? சமையல்காரர் இன்றைக்கே கேட்கிறார்.

மாமா, 6:59
மட்டன்.

அண்ணன், 7:01
எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்றால் கடவுளுக்குக் காரணம் யார் பெரியப்பா?

பெரியப்பா, 7:16
எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று இடைக்கால இறையியலாளர் அக்வினாஸ் தோமா சொல்லவே இல்லை. தன்னால் நிற்க முடியாதவற்றுக்குத்தான் காரணம் தேடினார். உலகம் ஒருநாள் தொடங்கியது என்பதைக்கூட அறிவால் நிரூபிக்க முடியாது, அது விசுவாசத்தால் அறிவது என்று எழுதியவர் அவர். அவர் கேட்டது வேறு: இந்த நிமிடம் இதை எது தாங்குகிறது? அத்தை வீட்டுக்கு ஓடையிலிருந்து வரும் கறுப்புக் குழாயை நினைத்துக்கொள். இந்தத் துண்டுக்கு மேல் துண்டு தண்ணீர் தருகிறது, அதற்கு அதன் மேல் துண்டு. நூறு துண்டு இணைத்தாலும், முடிவில்லாமல் இணைத்தாலும், குழாய் தண்ணீரை உண்டாக்காது. மேலே ஊற்று இருந்தாக வேண்டும். ஊற்றுக்கு எந்தக் குழாய் தருகிறது என்று கேட்கிறாய் நீ.

மாமா, 7:17
குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. காட்டெருமை மிதித்துவிட்டது.

அண்ணன், 7:18
ஊற்றுக்கு மழை தருகிறது பெரியப்பா.

பெரியப்பா, 7:20
உவமை அவ்வளவுதான் தாங்கும். கருத்தைப் பிடி.

பெரிய அத்தை, 7:21
எர்கோ, சோறு ஆறுகிறது.

அக்கா, 7:21
தாத்தா!!

அக்கா, 7:23
எர்கோ என்றால் ‘ஆகவே’. குருமடத்துச் சமையல்கட்டில் தாத்தா காதில் விழுந்த லத்தீன் அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு தாத்தா அப்பத்தாவையே வாதத்தில் ஜெயித்தார்.

சின்ன அத்தை, 7:24
ஜெயித்தார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அக்கா, 7:30
பாப்பாவுக்கு மறைக்கல்வித் தேர்வு. விசுவாசம் என்று எழுதுவதா, நம்பிக்கை என்று எழுதுவதா?

பெரியப்பா, 7:33
இரண்டும் ஒன்றுதான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை என்று இருக்கிறது.

பெரிய அத்தை, 7:34
ஒன்றில்லை. சீட்டுப் பணம் போனபோது எனக்கு நம்பிக்கை போனது, விசுவாசம் போகவில்லை.

மாமா, 7:34
அந்தச் சீட்டை நான் சேர்த்துவிடவில்லை.

பெரிய அத்தை, 7:35
யார் பெயரையும் சொன்னேனா?

பெரியப்பா, 7:41
சீட்டை விடு. நீ சொன்னதில் விஷயம் இருக்கிறது. விசுவாசம் என்பது பாதி தெரிந்ததை வைத்து ஊகிப்பது இல்லை. சொன்னவர் கடவுள், அவர் ஏமாற்ற மாட்டார் என்பதால் ஒப்புக்கொள்வது. அதற்கு அருள் முதலில் வர வேண்டும். ஆனால் ஒப்புவது நம் அறிவும் மனமும்தான், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது இல்லை. சுரூபத்தில் தண்ணீர் வந்தால் கூடுவதோ காய்ந்தால் குறைவதோ அது இல்லை.

சின்ன அத்தை, 7:52
அண்ணா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. அம்மாவுக்குப் பேச்சு நின்ற பிறகு இரண்டு நாள் அந்தச் சுரூபத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த இரண்டு நாளும் வீட்டில் நானும் இவரும் மட்டும்தான்.

பெரிய அத்தை, 8:09
நான் பஸ்ஸில் இருந்தேன். பெருமாள்மலைக்குக் கீழே மரம் விழுந்து நான்கு மணி நேரம்.

சின்ன அத்தை, 8:10
தெரியும் அக்கா.

பெரியப்பா, 8:14
நான் கிளம்பவே இல்லை.

மாமா, 8:31
ஆவி பிடிக்கும் கருவியைச் சமையலறைக்கு மாற்றிவிட்டேன்.

அண்ணன், 8:32
நன்றி மாமா. இரவு யாரும் துடைக்க வேண்டாம். காலையில் பார்ப்போம்.

சின்ன அத்தை, 8:36
ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் சொல்லட்டுமா, வேண்டாமா?

பெரியப்பா, 8:45
சொல். ஆவி பிடித்ததையும் சேர்த்துச் சொல். இது ஆயர் வழியாகப் போக வேண்டியது. 2024 மே மாதம் வத்திக்கான் புதிய விதிமுறை வெளியிட்டிருக்கிறது. தீர விசாரித்த பிறகும் இது இயற்கைக்கு மேற்பட்டது என்று பொதுவாக அறிவிக்க மாட்டார்கள். தடையேதும் இல்லை என்பார்கள், அவ்வளவுதான்.

அண்ணன், 8:46
நல்ல தீர்ப்பே அவ்வளவுதானா?

பெரியப்பா, 8:46
ஆம்.

அண்ணன், 8:47
என்னைவிடச் சந்தேகக்காரர்களாக இருக்கிறார்களே.

பெரிய அத்தை, 8:48
சாமியாரிடம் இப்போது சொல்லாதே. நான் வந்து பார்க்கிறேன். அந்த விரல் எப்படி உடைந்தது என்று உனக்குத் தெரியுமா? 1974. உடைத்தது அண்ணன். அடி வாங்கியது நான்.

பெரியப்பா, 8:49
அது இப்போது எதற்கு?

சின்ன அத்தை, 8:50
விரல் துண்டு டப்பாவில் இருக்கிறது அக்கா. அம்மா பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒட்டவில்லை.

அக்கா, 8:58
வேன் பதினான்கு சீட்தான். பெரிய அத்தையைச் சேர்த்தால் பதினைந்து. என்ன செய்வது?

மாமா, 9:20
இப்போது காய்ந்திருக்கிறது.

சின்ன அத்தை, 9:20
நான் துடைத்தேன்.

அண்ணன், 9:21
அத்தை!

பெரிய அத்தை, 9:24
எனக்கு முன் சீட் வேண்டும். வளைவுகளில் வாந்தி வரும்.