‘ஈ’ வீடா, ‘டி’ வீடா?

கவிதா (லண்டன்): வால்தம்ஸ்டோவில் ஒரு வீடு பார்த்தோம். விக்டோரியா காலத்து வரிசை வீடு, வாடகை கட்டுப்படியாகும். ஆனால் எனர்ஜி சர்ட்டிஃபிகேட்டில் ‘ஈ’. 54 புள்ளி.

அப்பா: வீட்டுக்கும் ரேட்டிங்கா? ஃபிரிட்ஜில் ஸ்டார் ஒட்டியிருக்குமே, அதுபோலவா?

கவிதா: ஆமாம்பா. ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை, ‘ஏ’தான் நல்லது. 55 வந்திருந்தால் ‘டி’.

அப்பா: ஒரு மார்க்கில் போச்சா! ரீவேல்யுவேஷன் போடச் சொல் 😄

சித்தப்பா (கோவென்ட்ரி): சிரிக்காதீர்கள் அண்ணா, எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. சூடு மேலே போகாமல் இருக்க (அதுதான் இன்சுலேஷன்) பரணில் 27 சென்டிமீட்டர் கனத்துக்குப் பஞ்சு விரித்திருந்தோம். ஏறும் வழியை மறித்து ஊர்ப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன். ரேட்டிங் போட வந்தவர் மேலே பார்க்க முடியாமல், வீட்டின் வயதை வைத்து அனுமானமாக எழுதிவிட்டுப் போனார். பஞ்சுக்கு ரசீதும் என்னிடம் இல்லை. தப்பு என்னுடையதுதான்.

கவிதா: இதிலும் சுவருக்கு நேரே “திடச் செங்கல், இன்சுலேஷன் இல்லை, அனுமானம்” என்றுதான் இருக்கிறது சித்தப்பா.

சித்தப்பா: அந்தக் காலத்துச் சுவரில் பஞ்சு அடைக்க நடுவே இடைவெளி கிடையாது, அதனால் அனுமானம் சரியாகத்தான் இருக்கும். தேதி என்ன?

கவிதா: 2018.

சித்தப்பா: 10 வருஷம் செல்லும். நடுவில் வீட்டைச் சூடாக்கும் பாய்லரை மாற்றியிருந்தாலும் பழைய எழுத்தே நிற்கும். பாய்லர் எந்த வருஷத்தது என்று கேள். இன்னொன்று, விதிவிலக்கு இல்லாமல் ‘எஃப்’, ‘ஜி’ வீட்டை இங்கிலாந்தில் வாடகைக்கு விடக் கூடாது. அதாவது நீ பார்த்தது கடைசிப் படி.

அம்மா: மாசம் எவ்வளவு பில் வரும் என்று அதில் இருக்காதா?

சித்தப்பா: செலவுக் கணக்கு இருக்கும் அண்ணி. ஆனால் ஹால் 21 டிகிரியில் இருக்கும் என்று வைத்துப் போட்டது. உங்கள் பெண் 24-க்குக் கீழே இறங்க மாட்டாளே!

கவிதா: சித்தப்பா 🙈

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். சுவரைத் தொட்டுப் பார்த்தாயா?

கவிதா: பின் அறையில் ஜில்லென்று இருந்தது. புதுப் பெயின்ட் வாசனை வேறு. அலமாரிக்குப் பின்னால் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது.

அம்மா: பூஞ்சைதான். அதன் மேல்தான் அடித்திருக்கிறார்கள்.

கவிதா: சனிக்கிழமை மறுபடி போகிறோம். அலமாரியை நகர்த்தச் சொல்கிறேன்.

அப்பா: டார்ச் எடுத்துக்கொண்டு போ.