குவாண்டம் வந்து லாஜிக்கையே மாத்திடுச்சா? ஒரு சந்தேகம்

அரைகுறை ஆறுமுகம்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், முதல் தடவையா கேக்குறேன். படிச்சது மெக்கானிக்கல், தத்துவம் எல்லாம் சொந்த ஆர்வத்துல மேயறது தான், அதனால கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

"ஆரிஸ்டாட்டில் லாஜிக் எல்லாம் மேஜை நாற்காலிக்குத் தான், எலக்ட்ரான் கிட்ட அது செல்லாது"ன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் அடிச்சு சொல்றான். வாட்ஸப் ஃபார்வர்டு லெவல்ல பேசியிருந்தா சிரிச்சிட்டு விட்டுருப்பேன், ஆனா அவன் ஹிலாரி பட்னம்ங்கிற அமெரிக்க தத்துவ அறிஞரை இழுக்கிறான். யூக்ளிட் ஜியாமெட்ரி தான் உலகத்தோட ஜியாமெட்ரின்னு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல நம்பிட்டு இருந்தோம், 1915ல ஐன்ஸ்டீனோட பொதுச் சார்பியல் வந்ததும் அந்த நம்பிக்கை போச்சு, அதே கதி லாஜிக்குக்கும் வரலாம், வந்தே ஆச்சுன்னு பட்னம் எழுதினாராம்.

எனக்கு ரெண்டு இடத்துல இடிக்குது. ஒரு எக்ஸ்பெரிமென்ட் ஒரு தியரிக்கு எதிரா இருக்குன்னு சொல்லணும்னாலே "ரெண்டும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது"ன்னு ஒரு விதி கையில வேணுமே, அதையும் தூக்கிப் போட்டா எதை வச்சு எதை தப்புன்னு சொல்லுவீங்க? ரெண்டாவது, ஒரு எலக்ட்ரானோட ஸ்பின் (அதுக்குள்ளயே இருக்கிற ஒரு சுழற்சிப் பண்பு) என்னன்னு "நமக்குத் தெரியல"ங்கிறது வேற, "அதுக்கு அப்படி ஒரு மதிப்பே இல்ல"ங்கிறது வேற. ஏன் எல்லாரும் ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்புறாங்க?

கணக்குப்புலி:

நல்ல கேள்வி ஆறுமுகம். முதல்ல உங்க பயத்தைப் போக்கிடறேன். குவாண்டம் லாஜிக்னு சொல்றாங்களே, அதுல நீங்க சொல்ற முரணின்மை விதி அப்படியே தான் இருக்கு, "இது அல்லது இதன் மறுப்பு"ங்கிற விதி கூட இருக்கு. அடிபடறது ஸ்கூல்ல பங்கீட்டுப் பண்புன்னு படிச்சோமே, அது மட்டும் தான்.

எப்படின்னா, ஸ்டெர்ன்-கெர்லாக் எக்ஸ்பெரிமென்ட் கேள்விப்பட்டிருப்பீங்க, 1922ல ஃப்ராங்க்ஃபர்ட்ல பண்ணது. வெள்ளி அணுக்களை ஒரு சீரில்லாத காந்தப்புலம் வழியா அனுப்பினா பரவலா போய் விழாம ஸ்பின்னைப் பொறுத்து ரெண்டா பிரிஞ்சு விழும். மேல, கீழ, நடுவுல எதுவும் கிடையாது. காந்தத்தை அப்படியே படுக்க வச்சா இடது, வலதுன்னு ரெண்டா பிரியும். இப்ப "மேல"ன்னு வந்த அணுக்களை மட்டும் எடுத்து படுத்த காந்தத்துக்குள்ள விட்டா பாதி இடது பாதி வலது, அதுல "வலது" வந்ததை மட்டும் எடுத்து மறுபடி நிமிர்ந்த காந்தத்துல விட்டா பாதி "கீழ" வரும். அதாவது "மேல"ங்கிறது அழிஞ்சு போச்சு. ஒரே நேரத்துல "மேல, வலது" ரெண்டும் உறுதியா உள்ள நிலைன்னு ஒண்ணு கணக்குலயே கிடையாது.

இப்ப ரெண்டு வாக்கியம் பாருங்க.

ஒண்ணு: "மேல, கூடவே (இடது அல்லது வலது)".
ரெண்டு: "(மேல, கூடவே இடது) அல்லது (மேல, கூடவே வலது)".

பழைய லாஜிக்ல பங்கீட்டுப் பண்புப்படி ரெண்டும் ஒண்ணு தான். 1936ல பிர்க்ஹாஃப், வான் நாய்மான்னு ரெண்டு கணித அறிஞர்கள் குவாண்டம் லாஜிக் பத்தி எழுதின கட்டுரைப்படி முதல் வாக்கியம் சரி, ரெண்டாவது தப்பு, ஏன்னா அதுல இருக்கிற ரெண்டு பாதியுமே நடக்காத விஷயம்.

சூட்சுமம் எங்கன்னா "அல்லது"ல தான். ஒரு பேப்பர்ல ஒரு புள்ளி வழியா செங்குத்தா வெட்டிக்கிற ரெண்டு கோடு போடுங்க, ஒண்ணு இடது, ஒண்ணு வலது. அதே புள்ளி வழியா 45 டிகிரில மூணாவதா ஒரு கோடு, அது மேல. சாதாரணமா "இடது அல்லது வலது"ன்னா அந்த ரெண்டு கோட்டுல ஏதோ ஒண்ணு மேல இருக்கணும்னு அர்த்தம். வான் நாய்மான் என்ன பண்ணாருன்னா அந்த ரெண்டு கோடும் சேர்ந்து உருவாக்குற முழு பேப்பரையும் "அல்லது"ன்னு எடுத்துக்கிட்டார். 45 டிகிரி கோடு பேப்பர்ல இருக்கு, ஆனா அந்த ரெண்டு கோடு எதுலயும் இல்ல. அவ்ளோ தான் மேட்டர். இதை "லாஜிக் உடைஞ்சிடுச்சு"ன்னு சொல்லலாமா இல்ல "அல்லதுங்கிற பேர்ல வேற ஒரு ஆபரேஷனை வச்சிட்டாங்க"ன்னு சொல்லலாமாங்கிறது தான் சண்டையே. நான் ரெண்டாவது கட்சி.

திண்ணைப்பேச்சு:

இதையெல்லாம் சமணர்கள் ஸ்யாத்வாதம்னு எப்பவோ சொல்லிட்டாங்க. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சொல்ல முடியாதுன்னு ஏழு விதமா பிரிச்சாங்க. வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிக்கிறான்.

கணக்குப்புலி:

ஸ்யாத்வாதம் அருமையான விஷயம் தான், புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் 1954ல அதைப் புள்ளியியலோட அடிப்படையோட ஒப்பிட்டு எழுதினார், உயிரியல் அறிஞர் ஹால்டேனும் 1957ல சாங்க்யாங்கிற புள்ளியியல் இதழ்ல எழுதியிருக்கார். ஆனா வெள்ளி அணு சரிபாதியா பிரியும்னு அதுல இருந்து கணக்கு போட முடியாதுங்க. எந்தக் கோணத்துல இருந்து பார்த்து சொல்றோம்ங்கிறது அவங்க கவலை, இது வேற கவலை.

அச்சில்லா தேர்:

புலி சார் கணக்கை நல்லா சொல்லிட்டார், நான் பட்னம் பக்கத்துக்கு வரேன், ஏன்னா ஆறுமுகத்தோட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பட்னம் ஆகாசத்துல இருந்து குதிக்கல. அவருக்கு முன்னாடியே 1951ல குவைன்ங்கிற அமெரிக்க தத்துவ அறிஞர் சொன்னது என்னன்னா, நம்ம அறிவு மொத்தமும் ஒரே வலை, அனுபவம் ஓரத்துல வந்து மோதும், மோதும்போது எந்தக் கண்ணியை மாத்தறதுங்கிறது நம்ம இஷ்டம், லாஜிக் நடுவுல இருக்கிறதால அதைக் கடைசியா தொடுவோமே தவிர தொடவே கூடாதுன்னு இல்ல. பட்னம் 1960கள் கடைசில இதைப் பிடிச்சிக்கிட்டு, பங்கீட்டு விதியை மட்டும் விட்டுட்டா குவாண்டம் புதிர் எல்லாம் தீர்ந்துடும், எலக்ட்ரானுக்கு இடமும் இருக்கும் உந்தமும் இருக்கும், அளக்கிறோம்னா ஏற்கனவே இருக்கிறதைத் தான் பார்க்குறோம்னு சொன்னார். கேக்க ஜோரா இருக்கு. ஆனா "எல்லா அளவுக்கும் மதிப்பு ஏற்கனவே இருக்கு"ங்கிறதை உள்ள கொண்டு வந்தா எல்லா அளவுக்கும் முரணில்லாம முன்கூட்டியே மதிப்பு கொடுத்து வைக்க முடியாதுன்னு 1967ல கோச்சனும் ஸ்பெக்கரும் போட்ட தேற்றம் கழுத்தைப் பிடிக்குது. பிற்காலத்துல பட்னமே இந்தக் கட்சியை விட்டு வந்துட்டார், அதை உங்க ஃப்ரெண்டு சொல்லியிருக்க மாட்டார்!

இப்ப உங்க கேள்வி. "லாஜிக்கை எதை வச்சு தப்புன்னு சொல்றது?" கிட்டத்தட்ட இதையே தான் கிரிப்கிங்கிற தத்துவ அறிஞர் 1974ல பட்னத்தைப் பார்த்து கேட்டார். "எல்லா காகமும் கருப்பு"ன்னு ஒத்துக்கிறவன், ஆனா "அப்ப இந்தக் காகமும் கருப்பு"ங்கிற முடிவுக்கு வரவே தெரியாதவன் ஒருத்தன் இருக்கான்னு வச்சிக்கோங்க. அவன் கிட்ட போய் "எல்லா பொது வாக்கியத்துல இருந்தும் அதோட தனி கேஸ் கிடைக்கும்"னு ஒரு விதியா சொல்றீங்க. அவன் சரின்றான். ஆனா நீங்க சொன்னதே ஒரு பொது வாக்கியம், அதுல இருந்து இந்தக் காகத்துக்கு வரவே அவனுக்கு அந்த விதி முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அதனால லாஜிக்ங்கிறது கடையில போய் "இது வேண்டாம், அதைக் கொடு"ன்னு வாங்கற சரக்கு இல்லங்கிறது கிரிப்கி வாதம்.

எனக்கு இதுல முழு திருப்தி இல்ல. இது சில அடிப்படை விதிகளுக்குத் தான் பொருந்தும், பங்கீட்டு விதியும் அந்த லிஸ்ட்ல வருமான்னு தெளிவா இல்ல. பிரௌவர்ங்கிற கணித அறிஞர் வழி வந்த ஆளுங்க "ஒண்ணு இது, இல்லன்னா இதன் மறுப்பு"ங்கிற விதியை விட்டுட்டு கணிதம் பண்றாங்களே, பண்ண முடியுதே. ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்தும்: அவங்க நிரூபணம் எழுதும்போதே அவங்க லாஜிக்ல எழுதறாங்க. குவாண்டம் லாஜிக் ஆளுங்க பங்கீட்டு விதி தோக்குதுன்னு நிரூபிக்கிற பக்கத்துலயே வரிக்கு வரி பங்கீட்டு விதியைப் பயன்படுத்துறாங்க.

அரைகுறை ஆறுமுகம்:

அருமைங்க, அந்தக் காகம் உதாரணத்தை அவன் கிட்ட இன்னைக்கே விடறேன். ஆனா என் ரெண்டாவது கேள்வி? "தெரியல"வா, "இல்ல"வா?

ஃபோட்டான் பித்தன்:

இது என் ஏரியா. இதை வெறும் கூட்டல் பெருக்கல்லயே காட்டலாம், இதுக்கு வழக்கமா சொல்ற பெல் சமத்துவமின்மைங்கிற புள்ளிவிவரக் கணக்கு கூட வேண்டாம். 1989ல கிரீன்பெர்கர், ஹார்ன், ஸைலிங்கர் மூணு பேர் கொண்டு வந்தது.

ஒண்ணோட ஒண்ணு பின்னின மூணு துகளை மூணு ஊருக்கு அனுப்பறோம். ஒவ்வொரு ஊர்லயும் எக்ஸ் இல்லன்னா ஒய் (ரெண்டு வெவ்வேறு திசையில ஸ்பின்னு வச்சிக்கோங்க), ஏதோ ஒண்ணை அளக்கலாம், விடை +1 அல்லது −1. குவாண்டம் என்ன சொல்லுதுன்னா, ஒரு ஊர்ல எக்ஸ் மத்த ரெண்டுலயும் ஒய் அளந்தா மூணு விடையோட பெருக்கல் எப்பவும் −1, எந்த ஊர் எக்ஸ்னாலும் சரி. மூணு ஊர்லயும் எக்ஸ் அளந்தா பெருக்கல் எப்பவும் +1.

இப்ப "மதிப்பு ஏற்கனவே இருக்கு, நமக்குத் தான் தெரியல"ன்னு வச்சிப்போம். அந்த மூணு −1 சமன்பாட்டையும் ஒண்ணா பெருக்குங்க. வலது பக்கம் −1. இடது பக்கம் ஒவ்வொரு ஒய்யும் ரெண்டு தடவை வருது, +1ஆ இருந்தாலும் −1ஆ இருந்தாலும் வர்க்கம் 1 தான், அதெல்லாம் காணாம போயிடும். மிச்சம் மூணு எக்ஸோட பெருக்கல், அது −1. ஆனா நடக்கிறது +1. 2000ல மூணு ஃபோட்டானை வச்சு செஞ்சு பார்த்தாங்க, குவாண்டம் பக்கம் தான் வந்துச்சு.

அதனால "தெரியல"ங்கிற பதில் மட்டும் போதாது. அதைக் காப்பாத்தணும்னா ஒரு ஊர்ல அளக்கிறது அடுத்த ஊர் துகளை உடனே பாதிக்குதுன்னு ஒத்துக்கணும், 1952ல இயற்பியலாளர் டேவிட் போம் அப்படித்தான் ஒரு முழு தியரி கட்டினார், அதுல பழைய லாஜிக் ஒரு கீறல் கூட இல்லாம இருக்கு. இல்லன்னா 1957ல இயற்பியலாளர் எவரெட் சொன்ன மாதிரி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கிளையில எல்லா விடையும் வருதுன்னு சொல்லணும். இல்லன்னா மதிப்பு முன்னாடியே இருந்துச்சுங்கிற எண்ணத்தை விடணும். நான் மூணாவது ஆளு. லாஜிக்கை விடறதும் ஒரு வழி தான், ஆனா அதை விட்டாலும் இந்தப் பெருக்கல் கணக்குல எந்த வரியை அடிக்கப் போறாங்கன்னு எனக்கு யாராவது காட்டணும்.

அச்சில்லா தேர்:

பித்தன், மூணு எக்ஸும் மூணு ஒய்யும் ஒரே ரவுண்டுல அளக்கவே முடியாதே, அப்ப அந்த நாலு சமன்பாட்டையும் ஒண்ணா எழுதற வரியைத் தான் அடிப்பாங்க.

ஃபோட்டான் பித்தன்:

அடிக்கட்டும். ஆனா அது இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1935ல ஐன்ஸ்டீனுக்கு சொன்ன பதில் தான், அதைச் சொல்ல அவருக்குப் புது லாஜிக் எதுவும் தேவைப்படல.