பள்ளியைத் திறந்து வைத்தவரின் பெயர்

அன்புள்ள மலேசியாவின் சுங்கை சிப்புட் உறவுகளுக்கு வணக்கம்.

ஒன்றுகூடல் மலருக்கான முதல் பிரதியை இங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இரண்டு முறை படித்தேன். உழைத்தவர்களுக்கு நன்றி. ஒரே ஒரு வரி மனத்தை உறுத்துகிறது. மகாத்மா காந்தி கலாசாலை பற்றிய பக்கத்தில் "1954-இல் நேருவின் தங்கை திறந்து வைத்தார்" என்று போட்டிருக்கிறோம். தப்பு இல்லை, ஆனால் போதாது. அவருக்கு விஜயலட்சுமி பண்டிட் என்று பெயர் உண்டு. அந்தப் பெயரைப் போட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. கம்யூனிஸ்டுப் போராளிகளை ஒடுக்க மலாயாவில் ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் முடிந்திருக்கவில்லை. 1948 ஜூனில் நம் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதிலிருந்து தொடங்கியது. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு, இருட்டினால் ஊரடங்கு. அப்படிப்பட்ட நாளில், பின்னாளில் அமைச்சரான துன் சம்பந்தன் முன்னின்று எழுப்பிய பள்ளியைத் திறக்க ஒரு பெரிய அம்மா வருகிறார் என்றதும் தோட்டமே டவுனுக்குக் கிளம்பிவிட்டதாம்.

பாட்டியும் போனார். அதுதான் முக்கியம். 1951-இல் தாத்தா இறந்துவிட்டார். வேலை செய்ய ஆள் இல்லாத வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பாட்டி ரப்பர் மரம் சீவும் உளியைப் பிடித்தார். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அப்புறம் பால்மரம், மதியம் தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளி சுமந்து பால் கொட்டகை. மாமாவுக்கு ஒன்றரை வயது, பகலெல்லாம் ஆயாக்கொட்டகையில். இத்தனையும் செய்து வீட்டைக் காப்பாற்றிய மனுஷியைக் கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். எதிரே வந்தால் ஒதுங்குவார்கள். அவராகவே கூட்டத்தில் பின்னால் போய் நின்றுகொள்வார்.

அன்றைக்கும் பின்னால்தான் நின்றார். மேடையில் நடுநாற்காலியில் நரைமுடியோடு ஒரு பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். "புருஷன் செத்தவங்கதானாம் அந்த அம்மா, அவங்களத்தான் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்தத் திறக்கச் சொல்லியிருக்காங்க" என்று பாட்டி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்ததாக அம்மா சொல்வார். பேச்சில் என்ன இருந்தது என்பது பாட்டிக்கு நினைவில்லை. இது மட்டும் சாகும்வரை நினைவில் இருந்தது.

நான் அந்த அம்மாவின் வாழ்க்கையைத் தேடிப் படித்தது வெகு காலம் கழித்துத்தான். 1900-இல் அலகாபாத்தில் மோதிலால் நேருவுக்கு மகளாகப் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் சொரூப் குமாரி. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே வெள்ளைக்கார ஆசிரியை வைத்துப் படித்தவர். அப்படிப்பட்டவர் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறந்து வைத்திருக்கிறார். அந்தச் செல்வ வீட்டிலிருந்து கிளம்பி மூன்று முறை சிறை போனார். 1937-இல் ஐக்கிய மாகாணத்தில் (இன்றைய உத்தரப் பிரதேசம்) அமைச்சரானார். 1944 ஜனவரியில், சிறையில் உடம்பு கெட்டுப்போன கணவர் ரஞ்சித் பண்டிட் இறந்தார். மூன்றும் பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை இல்லாத விதவை என்று கணவரின் சொத்தில் உரிமை மறுக்கப்பட்டது. அந்த வேதனையை அவரே பிற்காலத்தில் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு நம் லயத்து வீடும் பாட்டியின் உளியும்தான் கண்ணுக்குள் வந்தன. மோதிலாலின் மகளுக்கே இந்தக் கதி. இந்தியாவில் இந்து விதவைக்கும் மகளுக்கும் சொத்தில் முழு உரிமையோடு பங்கு தரும் வாரிசுச் சட்டம் 1956-இல்தான் வந்தது.

அவர் முடங்கிவிடவில்லை. 1946-இல் ஐ.நா. சபைக்கு இந்தியக் குழுவைத் தலைமை தாங்கிப் போனார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்கு நடந்த அநீதியை எழுப்பினார். அந்த இந்தியர்களில் பெரும்பகுதி யார்? நம் முன்னோர் ரப்பருக்கு வந்ததுபோல் அங்குள்ள நாட்டால் பகுதிக்குக் கரும்பு வெட்டப் போன தமிழர்களும் தெலுங்கர்களும்தானே! தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜெனரல் ஸ்மட்ஸ் எதிர்த்து நின்றும் தீர்மானம் 32-க்கு 15 என்று நிறைவேறியது. அதன்பின் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் தூதர். 1953-இல் ஐ.நா. பொதுச்சபைக்கு முதல் பெண் தலைவர். நம் ஊருக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

அண்ணன் பெயரால் வந்த பதவிகள் என்று சிலர் சொல்வதுண்டு. குடும்பம் கதவைத் திறந்துவிட்டது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் மகள் இந்திரா நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தபோது அதே அம்மா எதிர்த்தார். 1977 தேர்தலில் எழுபத்தாறு வயதில் காங்கிரசுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். சொந்த ரத்தத்தை எதிர்த்து மேடை ஏறியவரை இன்னும் "நேருவின் தங்கை" என்று மட்டும் எழுதலாமா?

ஆகவே மலர்க் குழுவுக்கு என் வேண்டுகோள். அந்த வரியை "1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார், ஐ.நா. பொதுச்சபையின் முதல் பெண் தலைவர்" என்று மாற்றுங்கள். நேரு பெயர் வேண்டுமானால் அப்புறம் வரட்டும். ஒன்றுகூடலுக்கு வரும் நம் பெண் பிள்ளைகள் அந்தப் பெயரைப் படிக்கட்டும்.

இன்னொன்று. அன்றைய கூட்டத்தின் படம் யார் வீட்டிலாவது பழைய பெட்டியில் இருக்கலாம். ஈப்போ, கோலகங்சார் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து தேடிப் பாருங்கள். மேடையைவிடக் கூட்டம் தெரிகிற படமாக இருந்தால் எனக்கு உடனே அனுப்புங்கள். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. கடைசி வரிசையில் முக்காடு போட்டு நிற்பவர்களில் பாட்டியை அடையாளம் காட்ட அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை.